மேலிருந்து விழும் பெட்டி

சூளைமேட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒற்றை அறை.
மணிக்கு அறுபது ரூபாய்.
ஏசிக்குக் கீழே சொட்டுக்கு ஒரு பெயின்ட் வாளி.
நான்கு கன்ட்ரோலர்களில் மூன்றாவது எப்போதும் எனக்கு;
அதன் குச்சி தொடாமலே இடப்பக்கம் சாயும்.
சும்மா நிற்கும்போதும் என் ஆள்
விளிம்பை நோக்கி ஒரு நூல் நகர்ந்துகொண்டிருப்பான்.
பழகிவிட்டது.

சண்டை தொடங்கி அரை நிமிடம் இருக்கும்,
வானத்திலிருந்து ஒரு மரப்பெட்டி விழும்.
அனுப்புநர் இல்லை, பெறுநர் இல்லை.
உடைத்தால் வாள் இருக்கலாம்,
உயிர் ஏற்றும் பழம் இருக்கலாம்.
தணிகைவேலுக்கு ஒருமுறை வெறும் குடை வந்தது,
குடையாலேயே மூன்று பேரை அடித்து ஜெயித்தான்.
சிலது வெடிக்கும்.
வெடிப்பதும் வெடிக்காததும்
ஒரே பலகை, ஒரே ஆணி.

பெட்டியைத் தூக்கியவன் ஓட முடியாது, குத்த முடியாது.
கல்யாணப் பந்தியில் சாம்பார் அண்டா சுமப்பவன் மாதிரி
தலைக்கு மேல் ஏந்தி
அடி அடியாக நடக்க வேண்டும்.
அவன் கிட்டே யாரும் வருவதுமில்லை.

இன்றைக்கு எனக்கு நாற்பத்தோரு பெட்டி.
சாலிகிராமத்தில் லிஃப்ட் குடியிருப்போருக்கு மட்டும்,
ஐந்து மாடி ஏறினேன்.
ஒரு பெட்டி கை சில்லிட்டது.
ஒன்றில் மல்லித்தூள் வாசனை.
ஒன்றில், சத்தியமாக, காற்றுதான்.
நான்கு எண் சொல்வார்கள்,
கதவிடுக்கில் ஒரு கை வரும்,
பெட்டி உள்ளே போகும்.
படி இறங்கும்போது
டேப் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.
ஆறு வருடம்.
ஒன்றைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை.

கடைசி ஆட்டம்.
பெனிட்டாவுக்குப் பத்து மணிக்குக் கீழ்ப்பாக்கத்தில் நைட் டூட்டி,
வெள்ளைச் செருப்பைப் பாலித்தீன் பையில் கட்டி
மடியில் வைத்தபடியே ஆடுகிறாள்.
பெட்டி என் காலடியில் விழுந்தது.
தூக்கினேன்.
"டேய், இந்தப் பக்கம் வராத" என்றான் யாசர்.
"போட்ரு மச்சான், யார் மேலயாவது போட்ரு" என்றான் தணிகை.
நான் நடந்தேன்.
நடந்து பெனிட்டாவின் ஆளுக்கு எதிரில் போய்
நின்றேன்.
எறிய ஒரு பொத்தான்தான்.
கட்டைவிரல் அசையவில்லை.
வாய் தானாகச் சொன்னது:
"ஓடிபி சொல்லுங்க மேடம்."

யாசர் சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்தது.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் பெனிட்டா
"ஏழு, மூணு, ஜீரோ, ஒன்பது" என்றாள்.
சரியான எண்ணா என்று யாரைக் கேட்பது?
எறிந்தேன்.
வெடித்தது.
நாலு பேரும் நாலு திசையில் புள்ளியாகிப் போனோம்.
என் கை அதற்குள் போனை எடுத்திருந்தது,
ஸ்டார் குறைந்ததா என்று பார்க்க.

பெஞ்சுக்குக் கீழே, ஹெல்மெட் பக்கத்தில்,
நாற்பத்தொன்றாவது.
கதவு பூட்டியிருந்தது, நம்பர் அணைந்திருந்தது,
காலையில் கிடங்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
பெனிட்டா அதை எடுத்துக் காதோரம் வைத்து,
நெஞ்சுச் சளி பார்ப்பது போல் இரண்டு விரலால் தட்டினாள்.
"ஏதோ உருளுது. கண்ணாடி இல்ல."
தணிகை டேப்பின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் நகம் நீளம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பெனிட்டா பெட்டியை என்னிடம் தந்துவிட்டுச் செருப்புப் பையைத் தேடினாள்.

கீழே மழை.
முழங்கால் வரை தண்ணீர்.
வண்டி கிளம்பவில்லை, பையின் ஜிப் போன மாதமே போனது.
வேறு வழியில்லாமல்
பெட்டியைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு
தெருவில் இறங்கினேன்,
அடி அடியாக,
எங்கே பள்ளம் எங்கே மூடியில்லாத குழி என்று
காலால் தடவி.
எதிரே வந்த ஆட்டோ நின்றது.
விளக்கைத் தாழ்த்தி
நான் கடக்கும் வரை காத்திருந்தது.
உள்ளே இருப்பது
இடப்பக்கமாக ஒருமுறை உருண்டது.